இல்லாத கடவைக்கு ஒரு நன்றிப் பதாகை

1

இங்கே எனக்காக ஒரு கார் நின்றால் நான் கையைத் தூக்கி நன்றி சொல்வேன். கை மட்டும் அல்ல, கழுத்தும் சேர்ந்து குனியும். வீதியின் நடுவுக்கு வந்ததும் எதிர்ப்பக்கம் நிற்கும் காருக்கு இன்னொரு கும்பிடு. அதற்குப் பிறகு, காரோட்டி மனம் மாறிவிடுவாரோ என்ற பயத்தில் ஒரு சின்ன ஓட்டம். டென்மார்க்கின் இந்தச் சிறிய நகரத்துக்கு வந்து இருபது வருடம் முடிந்துவிட்டது. தலையில் முடி போய்விட்டது. அந்த ஓட்டம் மட்டும் போகவில்லை.

என் மகள் மெலனிக்குப் பதினேழு வயது. என்னோடு சேர்ந்து வீதி கடப்பதை அவள் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக்கொண்டாள். போன மாதம் ஒருநாள் வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் ஒன்றாகக் கடந்தோம். நான் வழக்கம்போல ஒரு லொறிக்குக் கும்பிடு போட்டேன்.

"அப்பா, ஏன் அவருக்கு நன்றி சொல்றீங்க?"

"நின்னாருல்ல?"

"நிக்கணும். அது சட்டம். நிக்காட்டித்தான் நீங்க ஏதாவது சொல்லணும்."

"நம்ம ஊருல ஒருத்தன் நின்னா அது பெரிய விசயம்மா."

"தெரியும். பேனர் கட்டுவீங்க," என்று சிரித்தாள். "அந்தக் கதைய நான் ஸ்கூல்ல சொல்லப் போறேன். வியாழக்கிழமை. பெற்றோரும் வரலாம். நீங்க வாங்க."

அவர்கள் பாடசாலைக்கு நகரசபை உறுப்பினர் ஒருவர் வருகிறாராம். பாடசாலை முன்னால் சைக்கிள் பாதை ஏன் பிந்துகிறது என்று மாணவர்கள் அவரிடம் கேட்கப் போகிறார்களாம். கேட்பதற்கு முன் ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் ஏதாவது பேச வேண்டும். தேர்ந்தெடுத்தவர்களிடம் வேலை வாங்குவது எப்படி என்பதுதான் தலைப்பு. மெலனி தன் தகப்பனைத் தேர்ந்தெடுத்திருந்தாள். கட்டுகஸ்தோட்டையில் நான் கட்ட வைத்த பேனர் கதையை அவளுடைய பிறந்தநாளுக்கு வந்தவர்களிடம் சொல்லி ஒரு வீடு நிறையச் சிரிப்பு வாங்கியிருந்தேன். அன்று சொன்னது பாதிக் கதை. சிரிப்பு வருகிற பாதி.

வீட்டுக்கு வந்து நேராக உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் போனேன். மனைவி சுகந்தி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, மடிச்ச துண்டையே திரும்ப மடிக்கிறீங்க?"

"சரியா மடிபடல."

"ஒங்களுக்கு மூஞ்சியே சரியில்ல. வேலைல ஏதும் பிரச்சினையா?"

பாண் சுடும் தொழிற்சாலையில் பொதி செய்யும் இயந்திரம் ஒன்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதில் ஒரு பிரச்சினையும் இல்லை என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். மீதிப் பாதிக் கதை சுகந்திக்கும் தெரியாது.

2

கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்தால் எங்கள் சந்தி. ஒரு பக்கம் பாடசாலை. எதிர்ப்பக்கம், பிள்ளைகளுக்குக் கொப்பி, பேனை விற்கும் ஃபாரூக் நானாவின் கொப்பிக் கடை. நடுவில், கண்டிக்குப் போகிற பஸ்கள் ஒன்றையொன்று முந்துவதற்கென்றே வைத்திருக்கும் துண்டு வீதி. நான் படிக்கிற காலத்தில் அங்கே பாதசாரிக் கடவையின் மஞ்சள் கோடு இருந்தது. வாகனங்கள் அதற்கு நின்றன என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நிற்கலாமா என்று யோசித்தன. அந்த யோசனைக்குள் நாங்கள் ஓடிவிடுவோம்.

பிறகு வீதியைக் கிண்டிப் புதிதாகத் தார் போட்டார்கள். கோடு தாருக்கு அடியில் போனது. திரும்பி மேலே வரவில்லை. நல்ல வீதி ஆனதால் பஸ்களுக்கு யோசிக்க வேண்டிய தேவையும் இல்லாமல் போனது.

ஃபாரூக் நானா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கட்டுகஸ்தோட்டையில் இன்னும் சைக்கிளில் கடைக்கு வருகிற ஒரு சிலரில் ஒருவர். கண்டிப் பக்கத்தில் சைக்கிள் வைத்திருப்பவரின் நிலைமை உங்களுக்குத் தெரியும். பாதி வழி அது அவரைச் சுமக்கும், மீதி ஏற்றத்தில் அவர் அதைத் தள்ளிக்கொண்டு போவார். பாடசாலை விடும் நேரம் அவர் கடைக் கதவில் ஒரு பலகையைச் சாத்திவிட்டு வீதிக்கு இறங்குவார். கரும்பலகையில் கோடு கீறப் பாவிக்கும் நீளமான மர அடிமட்டம் ஒன்று கையில் இருக்கும். அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடுவீதியில் நிற்பார். பஸ் நிற்கும். பிள்ளைகள் கடப்பார்கள். யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

மஞ்சள் கோடு கேட்டு மகஜர் எழுதியதும் அவர்தான். என் அக்கா ரோசலின் அந்தப் பாடசாலையில் ஆசிரியை. அக்கா சிங்களத்திலும் தமிழிலும் டைப் அடித்துக் கொடுத்தாள். பள்ளிவாசல், கோயில், தேவாலயம், பன்சலை, பெற்றோர் என்று எல்லாப் பக்கமும் கையெழுத்து வாங்கினார்கள். நானா வெளுத்த சேர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு மாநகரசபைக் கந்தோருக்குப் போவார். "மேல போயிருக்கு" என்பார்கள். அடுத்த மாதம் போவார். "கீழ வந்திருக்கு" என்பார்கள். ஃபைல் மாடிப்படியில் உடற்பயிற்சி செய்கிறது என்று நான் இங்கிருந்து ஒரு பகிடி எழுதினேன். சந்திக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் இருபது பேர் சிரித்த முகம் போட்டார்கள்.

எனக்கு வாரத்துக்கு ஒருமுறை அந்தச் சிரித்த முகங்கள் வேண்டும். பனி பெய்கிற ஊரில் பாண் பொதி செய்கிறவனுக்கு வேறு என்ன இருக்கிறது?

3

இந்த நாட்டுக் கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி முடியும். முன்கூட்டியே நன்றி என்பார்கள். ஒரு குளிர்காலத்தில், வீட்டுக்கு முன்னால் நடைபாதையில் கிடக்கும் பனியை அகற்றும்படி நகரசபை எனக்கு எழுதியது. கடைசி வரியில் முன்கூட்டியே நன்றி. அதைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. செய்யாத வேலைக்கு நன்றி வாங்கிவிட்டோமே என்று பனி அள்ளும் சவளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முதுகு பிடித்துக்கொண்டது, ஆனால் பனி போய்விட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நானாவின் மகஜர் இன்னும் படியேறி இறங்கிக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தச் சவள் ஞாபகம் வந்தது. நானாவுக்குக் கோல் எடுத்தேன்.

"நானா, மகஜர் எல்லாம் பழைய சாமான். நன்றி சொல்லி ஒரு பேனர் கட்டுவோம்."

"எதுக்குத் தம்பி நன்றி?"

"மஞ்சள் கோடு போட்டுத் தந்ததுக்கு."

"கோடு இல்லையே."

"அதுதான் விசயம். நம்ம மாநகரசபை உறுப்பினர் ஐயாட படத்தப் போட்டு, மனமார்ந்த நன்றின்னு பெருசா எழுதுவோம். அவருக்கு வெக்கமாப் போகும். ஒரு கிழமைக்குள்ள பெயிண்டோட வந்து நிப்பாரு."

நானாவுக்குப் பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

"இல்லாத ஒண்டுக்கு நன்றி செல்றது பொய்தானே தம்பி?"

"பொய் இல்ல நானா. அட்வான்ஸ்."

அவர் சிரித்துவிட்டார். சிரித்த மனிதர் சம்மதித்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். என் வாழ்க்கை முழுவதும் நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

நானா சொன்னதைக் கேட்டு அக்கா அன்றைக்கே கூப்பிட்டாள்.

"டேய் பெனி, அந்தாளுக்கு வெக்கம் வரும்னு யாருடா ஒனக்குச் சொன்னா?"

"அக்கா, நீங்க டீச்சர். ஒங்களுக்கு எல்லாரும் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைங்களாத்தான் தெரியும்."

"செய்யாதவன்கிட்ட போய் செஞ்சுட்டன்னு நாங்க எழுதிக் குடுத்தா, அவன் ஏன்டா செய்யணும்?"

நான் ஒரு பகிடி சொன்னேன். அக்கா போனை வைத்துவிட்டாள்.

செலவு என்னுடையது என்றபடியால் கண்டி டவுனில் உள்ள பேனர் கடைக்கு நானே வாட்ஸ்அப்பில் ஓடர் கொடுத்தேன். கடைக்காரப் பையன் கெட்டிக்காரன். "அண்ணே, மஞ்சள் கோட்டு ஃபோட்டோவும் அனுப்புங்க, ஐயாட படத்துக்குப் பக்கத்துல போடலாம்" என்று எழுதினான். நான் திருப்பி எழுதினேன்: "கோடு இன்னும் போடல தம்பி. இது முன்கூட்டியே நன்றி." கூடவே நாலு சிரித்த முகம்.

நம் ஊரில் ஒரு மதகு கட்டினாலும் அதில் ஒரு பெயர்ப்பலகை இருக்கும். மூன்று அடி மதகுக்கு ஐந்து அடிப் பலகை. அப்படிப்பட்ட ஊரில் நன்றிப் பதாகை ஒருவரைக் கூச வைக்கும் என்று நினைக்க, ஒருவன் வெளிநாட்டில் நிறைய நாள் இருந்திருக்க வேண்டும்.

4

நானா கடைக்கு முன்னால் பதாகை கட்டி மூன்றாம் நாள் உறுப்பினர் வந்தார். இரண்டு வாகனம். கோடு இருந்திருக்க வேண்டிய அதே இடத்தில் இரண்டையும் நிறுத்திவிட்டு இறங்கினாராம். பதாகையை அண்ணாந்து பார்த்தார். தன் படம் நன்றாக வந்திருக்கிறதா என்று பார்த்திருப்பார். "இதைக் கட்டினது யார்?" என்று கேட்டார். எல்லாரும் கடையைக் காட்டினார்கள். நானா வெளியே வந்தார். உறுப்பினர் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். யாராவது கையைப் பிடித்தால் நானா சிரிப்பார், அது அவருடைய குணம். கேமரா அந்தச் சிரிப்பை எடுத்துக்கொண்டது.

சாயங்காலம் உறுப்பினரின் முகநூல் பக்கத்தில் படம் வந்தது. மக்களின் நீண்டநாள் கோரிக்கை நிறைவேறியது என்று மேலே ஒரு வரி. படத்தில் பதாகை இருந்தது, உறுப்பினர் இருந்தார், நானா இருந்தார். வீதி மட்டும் இருக்கவில்லை. இடுப்போடு வெட்டியிருந்தார்கள்.

"மீன் மாட்டிக்கிச்சு," என்று நான் குழுவில் போட்டேன். முப்பது சிரித்த முகம். எனக்கு அதுவரை கிடைத்ததில் அதுதான் ஆகக் கூடுதல்.

ஒரு கிழமை போனது. ஒரு மாதம் போனது. பெயிண்ட் வரவில்லை. நானா வெளுத்த சேர்ட்டைப் போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போனார். அங்கே இருந்த பெண் பிள்ளை மரியாதையாக ஃபைலைத் திறந்து காட்டினாள். முதல் பக்கத்திலேயே அந்தப் படத்தை அச்சடித்துக் குத்தியிருந்தார்கள். நானா எனக்கு இதைச் சொன்னபோது அந்தப் பிள்ளையின் குரலையும் சேர்த்தே செய்து காட்டினார்.

"கடவை கிடைச்சிட்டுத்தானே அங்கிள்?"

"இல்ல மகள். இன்னும் போடல்ல."

"இந்தப் படத்துல நிக்கிறது நீங்கதானே?"

"நான்தான்."

"அப்ப ஏன் சிரிச்சீங்க?"

ஃபைலில் நிறைவேற்றப்பட்டது என்று முத்திரை விழுந்திருந்தது. புதிதாக ஒரு மகஜர் தரட்டுமா என்று நானா கேட்டிருக்கிறார். ஒரே இடத்துக்கு இரண்டு கடவை கொடுக்க முடியாது என்று அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறாள். நேரே உறுப்பினரைப் பார்க்கப் போனபோது, ஐயா கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். அடுத்த தடவையும் கூட்டம். அந்தக் கூட்டம் இன்னும் முடியவில்லை.

ஆனால் சந்தியில் கேள்வி முடியவில்லை. கையெழுத்துப் போட்ட பெற்றோர் கடைக்கு வந்து ஒரு மாதிரிச் சிரித்தார்கள். "நானா, கோட்டுக்குப் பதிலா ஐயா ஒங்களுக்கு என்ன போட்டுத் தந்தாரு?" என்று ஒருவர் எல்லாருக்கும் கேட்கக் கேட்டாராம். கடைக்குப் புதுத் தகரம் போட்டிருந்தார் நானா. அது அவருடைய மருமகன் போட்டுக் கொடுத்தது. யார் நம்புவார்?

இதில் ஒன்றைக் கவனியுங்கள். "பேனர் யோசனை பெனியோடது" என்று நானா ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பேனர் கட்டுவோம் என்ற பேச்சு எங்கள் இருவருக்கும் இடையில் போனில் நடந்தது. அக்காவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது; என் மீன் பகிடியைக்கூடக் குழுவில் வழக்கமான இன்னொரு பகிடி என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். நானா அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் அடிமட்டத்தோடு காலையிலும் வீதியில் நிற்கத் தொடங்கினார். அதுவரை மதியம் மட்டும்தான் நின்றார்.

5

போன வருடம் இதே மாதத்தில், பாடசாலை விடும் நேரம், பஸ்ஸை முந்திக்கொண்டு ஒரு வேன் வந்தது. நானா முதலில் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறார். இரண்டு பேரைப் பின்னால் தள்ளிவிட்டார். தான் விலகிக்கொள்ள அவருக்கு நேரம் இருக்கவில்லை. கால் இரண்டு இடத்தில் முறிந்தது, இடுப்பும் அடிபட்டது. பிள்ளைகளுக்கு ஒரு கீறலும் இல்லை. நானா உயிரோடு இருக்கிறார். ஊன்றுகோலோடு நடக்கிறார். சைக்கிள் கடைக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கிறது.

அந்த இடத்தில் பாதசாரிக் கடவை இல்லை என்று பொலிஸ் எழுதியது. ஆகவே நடுவீதியில் நின்றது நானாவின் பிழை. கடவை இருக்கிறது என்று கந்தோர் எழுதி வைத்திருக்கிறது. ஆகவே புதிதாக ஒன்றும் போடத் தேவையில்லை. இரண்டு புத்தகத்துக்கும் நடுவில்தான் அவர் விழுந்து கிடந்தார்.

தேநீர் இடைவேளையில் எனக்குச் செய்தி வந்தது. இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று வாசித்தேன். நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? நானாவின் வீட்டுக்குப் பேசவில்லை. அக்காவுக்குப் பேசவில்லை. வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறினேன். பெனடிக் வெளியேறினார் என்று அங்கே ஒரு வரி விழுந்திருக்கும். என்னைப் பற்றி அந்தக் குழுவில் வந்த வரிகளில் பகிடி இல்லாத ஒரே வரி.

இரண்டு கிழமை கழித்து அக்கா பேசினாள்.

"பேனர் ஓடர் குடுத்தது நீ. கோடு இன்னும் போடலன்னு நீயே கடைக்காரனுக்கு எழுதியிருக்க. அந்த மெசேஜையும் வச்சு ஒரு கடிதம் குடு. பொய்யான நன்றி, கட்ட வச்சது நான்தான்னு எழுது. அதக் காட்டி ஃபைலத் தொறக்க வைக்கலாம்னு எங்க ஸ்கூல் அதிபர் சொல்றாரு. நானாட பேரும் துப்பரவாகும்."

"எழுதுறேன் அக்கா. அடுத்த கிழமை."

அடுத்த கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. அதாவது பயம் வந்தது. பயத்துக்கு யோசனை என்று பெயர் வைப்பதில் நான் கெட்டிக்காரன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குகிறேன். அதிகாரி என் கடவுச்சீட்டை விரிக்கிறார். பக்கத்து அதிகாரியைக் கூப்பிடுகிறார். "இவர்தான் பேனர்" என்கிறார். என்னை ஒரு அறைக்குக் கொண்டுபோகிறார்கள். மேசையில் என் சிரித்த முகங்கள் எல்லாம் அச்சடித்து வரிசையாக இருக்கின்றன. "இந்த நாலும் யாரைப் பார்த்துச் சிரிச்சது?" என்று கேட்கிறார்கள். உறுப்பினர் என் மேல் மானநட்ட வழக்குப் போடுகிறார். நானோ பாண் பொதி செய்கிறவன். இதையெல்லாம் கற்பனை செய்து, ஒரு இரவல் வக்கீலையும் கற்பனை செய்து, அவர் வழக்கில் தோற்பதையும் கற்பனை செய்தேன். கடிதம் மட்டும் எழுதவில்லை.

அக்கா மறுபடி பேசியபோது அவளுக்காகப் பயப்படுவதாகச் சொன்னேன்.

"அக்கா, நீங்க அரசாங்க வேலை. ஒங்கள தூரத்து ஸ்கூலுக்கு மாத்திருவாங்க."

"கடுகண்ணாவைக்கு மாத்துனா ரயில்ல போறேன், கம்பளைக்கு மாத்துனா பஸ்ஸுல போறேன். நீ எழுதுடா."

விமான நிலையத்து அதிகாரியும் அக்காவின் இடமாற்றமும் நான் எனக்குச் சொன்ன காரணங்கள். உண்மை இதைவிடச் சின்னது. அந்தச் சந்தியில் என்னைக் கெட்டிக்காரன் என்று நினைக்கிற நாற்பது பேர் இருந்தார்கள். அவர்களை இழக்க எனக்கு மனமில்லை. அதற்காக ஒரு மனிதனின் நல்ல பெயரை ஒரு வருடம் வெயிலில் போட்டு வைத்தேன்.

6

வியாழக்கிழமை வந்தது. காய்ச்சல் வருமா என்று காலையில் இருந்து பார்த்தேன். வரவில்லை. போனேன்.

நகரசபை உறுப்பினர் ஒரு பெண். சைக்கிளில் வந்திருந்தார். மழையில் நனைந்த தலைக்கவசத்தைக் கதிரைக்கு அடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு யாரும் மாலை போடவில்லை. ஒரு மாணவன் எழுந்து, "பாதை கோடைக்குள் முடியும் என்று சொன்னீர்கள், ஏன் முடியவில்லை?" என்று கேட்டான். அவர் கொஞ்சம் சிவந்து போனார். "நான் சொன்னது பிழை. கணக்குப் பார்க்காமல் சொல்லிவிட்டேன்," என்றார். அது எல்லாருக்கும் சரியாகப் பட்டது என்று நினைக்க வேண்டாம். பின்வரிசையில் ஒருவன் ஊளையிட்டான். ஆனால் அந்தப் பெண் அந்தக் கதிரையிலேயே இருந்தார். எழுந்து கூட்டத்துக்குப் போகவில்லை.

மெலனி பேசினாள். நல்ல டேனிஷ், வேகமான டேனிஷ். அதில் பாதி எனக்குப் பிடிபடாது. ஆனால் "கட்டுகஸ்தோட்டை" என்ற சொல் வரும்போதெல்லாம் நான் கதிரையில் இன்னும் கொஞ்சம் கீழே சரிந்தேன். நானாவைப் பற்றிச் சொன்னாள், அடிமட்டத்தைப் பற்றிச் சொன்னாள், என் அட்வான்ஸ் பகிடியைச் சொன்னாள். மண்டபம் சிரித்தது. அந்தப் பெண் உறுப்பினரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பிறகு கடவை வந்ததா?"

மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. நான் இங்கே இருபது வருடமாக ஒவ்வொரு வாக்கியத்திலும் ஏதாவது ஒன்றைத் தவறாகச் சொல்கிறவன். கடையில் வெங்காயம் கேட்டால்கூட மெலனி திருத்துவாள். அன்று ஒரு பிழையும் இல்லாமல், நல்ல உச்சரிப்போடு ஒரு வாக்கியம் சொன்னேன்.

"ஓம், ஒரு கிழமையிலேயே வந்துவிட்டது."

கை தட்டினார்கள். மெலனி என்னைப் பார்த்து, சின்ன வயதில் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் கண்டு நாலைந்து வருடம் இருக்கும். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

7

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை, மெலனி சமையலறைக்கு வந்தாள். கையில் போன். பாடசாலைப் பத்திரிகைக்காக அந்த மஞ்சள் கோட்டின் படம் ஒன்று அனுப்பச் சொல்லி அவள் என் அக்காவுக்கு எழுதியிருக்கிறாள். அக்கா ஒரு படமும், குரல் பதிவு ஒன்றும் அனுப்பியிருந்தாள். படத்தில் வெறும் கறுப்புத் தார். ஓரத்தில் ஊன்றுகோலோடு நானா.

"அத்தை வேகமாப் பேசுறாங்க," என்றாள் மெலனி. "மூணு தரம் கேட்டுட்டேன். ஒரு சொல் மட்டும் தெரியல. பழின்னா என்ன அப்பா?"

சுகந்தி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஒருத்தர் செஞ்ச பிழைய இன்னொருத்தர் மேல போடுறது," என்றேன்.

"யார் செஞ்சது?"

"நான்."

"யார் மேல?"

படத்தைக் காட்டினேன். அவள் சத்தம் போடவில்லை. இந்த நாட்டுப் பிள்ளைகள் கோபம் வந்தால் குரலைக் குறைத்துவிடுவார்கள். "அந்த மண்டபத்துல நான் ஒங்கள நம்பிப் பேசினேன்," என்று டேனிஷில் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். அது எனக்கு முழுவதும் விளங்கியது. சுகந்தி எனக்கு எதிரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு பேனையைத் தள்ளிவிட்டாள்.

"எழுதுங்க. எழுதி முடியிற வரைக்கும் நான் எழும்ப மாட்டேன்."

முக்கால் பக்கம். அவ்வளவுதான் வந்தது. ஒரு வருடம் தூக்க முடியாமல் இருந்த கடிதம் முக்கால் பக்கம். பேனர் கடைக்கு எழுதிய மெசேஜையும் சேர்த்து அக்காவுக்கு அனுப்பினேன். பிறகு நானாவுக்குக் கோல் எடுத்தேன். விபத்துக்குப் பிறகு நான் அவரோடு பேசுவது அதுதான் முதல் தடவை.

"நானா, பெனி பேசுறேன்."

"தெரியுது தம்பி. சொகமா ஈக்கிறீங்களா?"

"பிழை என்னோடது நானா. எல்லாத்தையும் எழுதி அக்காவுக்கு அனுப்பிட்டேன். அதிபர் திங்கக்கிழமை கொண்டுபோறாராம்."

நானா கடைக் கதவைச் சாத்துவது கேட்டது.

"நல்லம். ஃபைலுக்கு அது போதும்."

"அப்பாடா."

"ஃபைலுக்குன்னு சென்னேன் தம்பி. சந்தில ஈக்கிற மனுசருக்கு யாரு கடிதம் வாசிச்சுக் காட்ட? என்ட பேரன் வந்து கேக்குறான், மூத்தாப்பா, அந்தாள்கிட்ட என்னத்த வாங்கினீங்கன்னு. வகுப்புல பிள்ளையள் செல்றாங்களாம். எட்டு வயசு. அவனுக்கு நான் எந்த ஃபைலக் காட்ட?"

"நான் என்ன செய்யணும் நானா?"

"வாங்க. ஸ்கூல் விடுற நேரம் எங்கட கடைக்கு முன்னால நில்லுங்க. கேக்குற மனுசருக்கு ஒங்கட வாயால செல்லுங்க."

"நின்னா அடிப்பாங்களா?" என்று கேட்டேன். பகிடிதான், வேறென்ன. வாய் அப்படியே பழகிவிட்டது.

நானா சிரிக்கவில்லை. எனக்குத் தெரிந்த இத்தனை வருடத்தில் நான் சொல்லி அவர் சிரிக்காத முதல் பகிடி அது.

"எப்ப வாறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஆகஸ்ட் விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கும் கிழமைக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். மெலனியும் வருகிறாள். அவள் என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. "நான் பக்கத்துல நிப்பேன், மொழிபெயர்க்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். ஃபைல் இன்னும் திறக்கவில்லை. பார்க்கிறோம் என்றிருக்கிறார்களாம்.

இதை ஊர்ப் பத்திரிகைக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், என்னை எனக்குத் தெரியும். டிக்கெட்டை மாற்றலாம். காய்ச்சல் வரலாம். கட்டுநாயக்கா வரை வந்துவிட்டு, கொழும்பில் ஒரு உறவினர் வீட்டில் பத்து நாள் படுத்துக் கிடந்துவிட்டுத் திரும்பலாம். நீங்கள் வாசித்துவிட்டால் அதெல்லாம் நடக்காது.

அந்தக் கிழமை மதியம் எங்கள் சந்தியால் போகிறவர்கள் பாருங்கள். கொப்பிக் கடைக்கு முன்னால் ஒரு மொட்டைத் தலையன் நிற்பான். ஏதாவது கேட்க இருந்தால், உள்ளே ஊன்றுகோலோடு இருக்கும் மனிதரிடம் கேட்காதீர்கள். என்னிடம் கேளுங்கள். நான் பதிலுக்கு ஒரு பகிடி விட்டால், போய்விடாதீர்கள். நின்று, இன்னொரு தரம் கேளுங்கள்.